பவர் எதில் இருக்கிறது? காய்ச்சல் முதல் நீர்க்கடுப்பு வரை ஆன்டிபயாட்டிக் ஒப்பீடு

திருப்பாதிரிப்புலியூர் ஆனாலும் வில்லியனூர் ஆனாலும் மருந்துக்கடையில் காதில் விழும் வாசகம் ஒன்றுதான்: “கொஞ்சம் பவரா குடுங்கண்ணே.” பவருக்கு அங்கே மூன்று அளவுகோல் உண்டு. மி.கி. அதிகமாக இருக்க வேண்டும், விலை அதிகமாக இருக்க வேண்டும், பேர் புதிதாக இருக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் மூன்றும் தப்பு. உண்ணிக் காய்ச்சல் வந்தவருக்கு ஐ.சி.யூ.வில் போடும் விலை உயர்ந்த மெரோபெனெம் ஊசி எதுவும் செய்யாது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் 100 மி.கி. டாக்ஸிசைக்ளின் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சலை இறக்கிவிடும்.

ஆகவே இங்கே மருந்துகளை வலுவை வைத்து வரிசைப்படுத்தவில்லை. மூன்று கேள்விகளை வைத்து ஒப்பிடுகிறோம். கிருமி எதுவாக இருக்கும்? மருந்து அந்த இடத்துக்குப் போய்ச் சேருமா? இந்த ஆளின் உடம்பும், அவர் ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருக்கும் மற்ற மாத்திரைகளும் அதற்கு ஒத்துவருமா? மருந்தை முடிவு செய்வது மருத்துவர்தான். ஆனால் அவர் சரியாக முடிவு செய்ய வேண்டிய தகவல் பாதி நோயாளியின் வாயில்தான் இருக்கிறது. எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே இந்த ஒப்பீடு.

எங்கே அடிக்கிறது என்பதிலிருந்தே பக்கவிளைவு

பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. நம் செல்லுக்குக் கிடையாது. அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன், மெரோபெனெம் எல்லாம் சுவர் கட்டும் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்ளும் மருந்துகள். செங்கல் இருக்கும், பூச்சு இருக்காது. உள்ளே இருக்கும் அழுத்தம் தாங்காமல் கிருமி வெடித்துவிடும். நம்மிடம் அந்தச் சுவரே இல்லாததால்தான் கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் இந்த வகையைத் தயக்கம் குறைவாகக் கொடுக்கிறார்கள். அலர்ஜிதான் இதன் பெரிய ஆபத்து. இன்னொரு குணமும் உண்டு: ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு ஒரு மட்டத்துக்கு மேல் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதுதான் கணக்கு. அமாக்ஸிசிலினை 8 மணிக்கொருமுறை எழுதுவது அதனால்தான். காலை, மதியம் போட்டுவிட்டு இரவு வேளையை விட்டால், அந்த இடைவெளியில் கொத்தனார் வேலையைத் தொடர்வார்.

டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின், கிளிண்டாமைசின், லினெசோலிட், அமிகாசின் ஆகியவை கிருமியின் புரத ஆலையான ரைபோசோமை மடக்குபவை. நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் பாக்டீரியாவினுடையதை ஓரளவு ஒத்திருக்கும். லினெசோலிடை இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தால் தட்டணுக்கள் குறைவது, மாதக்கணக்கில் போனால் கண் நரம்பு பாதிப்பது எல்லாம் இந்த ஒற்றுமையால் வரும் வினை.

சிப்ரோஃப்ளாக்ஸசின், ஆஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் போன்ற குவினோலோன்கள் கிருமியின் டி.என்.ஏ. முறுக்கை அவிழ்க்கும் நொதியை அடைத்துவிடும். மெட்ரோனிடசோல் ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் வாழும் கிருமிக்குள் மட்டும் உயிர்பெற்று டி.என்.ஏ.வை உடைக்கும், அதனால்தான் பல் சீழுக்கும் அமீபாவுக்கும் அது, சளிக்கு அல்ல. கோட்ரைமாக்ஸசோல் ஃபோலேட் தயாரிப்பை நிறுத்தும். நாம் ஃபோலேட்டைச் சாப்பாட்டில் எடுத்துக்கொள்கிறோம், கிருமியோ தானே தயாரித்தாக வேண்டும்.

மழைக்குப் பிறகு வரும் காய்ச்சல்

கடலூர் மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவமழை என்றால் வெள்ளமும் சேர்ந்தது. 2011 டிசம்பர் தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் என்று நினைவில் நிற்கும் வரிசை அது. நீர் வடிந்த பிறகு வரும் காய்ச்சலில் டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் நான்கும் முதல் மூன்று நாள் ஒரே முகத்துடன் நிற்கும். இங்கேதான் தேர்வு உண்மையில் முக்கியம்.

டெங்குவுக்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் வேலை செய்யாது. தண்ணீரும் பாராசிட்டமாலும் ரத்த அணு எண்ணிக்கையைப் பார்ப்பதும்தான் வழி. மற்ற மூன்றுக்கும் மருந்து உண்டு, ஆனால் ஒன்றல்ல.

செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி டைபாய்டைப் பிடிக்கும், எலிக்காய்ச்சலைப் பிடிக்கும், உண்ணிக் காய்ச்சலைப் பிடிக்காது. உண்ணிக் காய்ச்சல் கிருமியான ஓரியன்சியா நம் செல்லுக்குள்ளேயே குடியிருக்கும். சொல்லிக்கொள்ளும்படியான சுவரும் அதற்கு இல்லை. சுவரைத் தாக்கும் மருந்துக்கு அங்கே இலக்கே கிடையாது. டாக்ஸிசைக்ளின் உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல் இரண்டையும் பிடிக்கும். டைபாய்டுக்கு அதை நம்ப முடியாது. அசித்ரோமைசின் உண்ணிக் காய்ச்சலையும் டைபாய்டையும் பிடிக்கும். ஊசி போட்டு மூன்று நாள் ஆகியும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் இன்னும் விலை கூடிய ஊசிக்குத் தாவுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: “இதில் டாக்ஸி இருக்கிறதா?”

உடம்பையும் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். உண்ணிப்பூச்சி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல வலியில்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கும். அக்குள், தொடையிடுக்கு, இடுப்புக்கயிறு கட்டும் இடம், மார்புக்குக் கீழ், காதின் பின்புறம் என்று யாரும் பார்க்காத இடமாகத் தேர்ந்துதான் கடிக்கும். எல்லோருக்கும் அந்தப் பொருக்கு இருக்காது. இருந்தால் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கலாம். முந்திரிக் காடு, கரும்புத் தோட்டம், வீட்டுப் பின்புறப் புதர், விறகு பொறுக்கிய இடம் இதில் எங்கே போனோம் என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

பெரியவர்களுக்கு டாக்ஸி 100 மி.கி. இரண்டு வேளை, பொதுவாக 7 நாள். கர்ப்பிணி என்றால் அசித்ரோமைசின். குழந்தைக்கு டாக்ஸி கொடுத்தால் பல் கறையாகும் என்ற பயம் பழைய டெட்ராசைக்ளினிலிருந்து வந்தது. உண்ணிக் காய்ச்சலுக்காகக் குறுகிய நாள் டாக்ஸியைக் குழந்தை மருத்துவர்கள் இப்போது கொடுக்கிறார்கள். மூச்சுத்திணறல், மயக்கம், சிறுநீரகப் பாதிப்பு என்று தீவிரமாகிவிட்டால், நரம்பு வழியாக டாக்ஸியும் அசித்ரோவும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று 2023-ல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. இரண்டு மருந்தைக் கலப்பதற்கு உண்மையான ஆதாரம் உள்ள அபூர்வமான இடங்களில் இது ஒன்று.

டாக்ஸியின் தொல்லைகள் மூன்று. முதலாவது தொண்டைக்குழாய்ப் புண். மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கி உடனே படுத்தால், அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு சுட்டுவிடும். மறுநாள் எச்சில் விழுங்கினாலே நெஞ்சு வலிக்கும், மாரடைப்போ என்று ஓடுபவர்களும் உண்டு. முழு டம்ளர் தண்ணீர், சாப்பாட்டுக்குப் பின், அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது: இவ்வளவு செய்தால் போதும். இரண்டாவது வெயில். மாத்திரை சாப்பிடும் நாட்களில் சாதாரண வெயிலே தோலைக் கருக்கும். கட்டுமரம், உப்பளம், வயல் என்று வெட்டவெளியில் நிற்பவர்கள் முழுக்கைச் சட்டையும் துண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது, பால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, ஜெலுசில் வகை மருந்துகள். இவற்றிலுள்ள உலோகம் டாக்ஸியைக் கட்டிப்போட்டு, குடலில் உறிஞ்ச விடாது. குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும்.

சேற்றிலும் வெள்ள நீரிலும் நாள் கணக்கில் நிற்கும் மீட்புப் பணியாளர், தூய்மைப் பணியாளருக்கு எலிக்காய்ச்சல் தடுப்பாக வாரம் ஒருமுறை டாக்ஸி 200 மி.கி. கொடுக்கும் வழக்கம் உண்டு. வாசலில் கணுக்கால் தண்ணீர் நின்றது என்பதற்காக வீடே சேர்ந்து போட வேண்டியதில்லை.

டைபாய்டா?

ஒரே ஒரு முறை வைடால் என்ற ரத்தப் பரிசோதனை எடுத்து “டைபாய்டு இருக்கு” என்று சொல்வது இந்தப் பக்கம் மிகச் சாதாரணம். பழைய தொற்று, தடுப்பூசி, வேறு காய்ச்சல் எதுவும் அந்தச் சீட்டைப் பாசிட்டிவ் ஆக்கலாம். மாத்திரை தொடங்குமுன் எடுக்கும் ரத்த கல்ச்சர், அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைதான் நம்பகமானது.

சிப்ரோ ஒரு காலத்தில் டைபாய்டுக்குக் கைகண்ட மருந்து. இன்று இந்தியாவில் பெரும்பாலான டைபாய்டு கிருமிகள் அதற்கு மசிவதில்லை. வீட்டிலிருந்தே சிகிச்சை என்றால் அசித்ரோ, செஃபிக்ஸிம் என இரண்டுக்குள் தேர்வு. அசித்ரோ செல்லுக்குள் புகுந்து தேங்கும்; டைபாய்டு கிருமி ஒளிந்திருப்பதும் அங்கேதான். 7 நாளில் முடியும். செஃபிக்ஸிம் செல்லுக்குள் அவ்வளவாகப் போகாது, கூடுதல் நாள் தேவை. வாந்தி, வயிற்று உப்புசம், சோர்வு இருந்தால் மருத்துவமனையில் சேர்த்து செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி. எதை எடுத்தாலும் காய்ச்சல் இறங்க நான்கிலிருந்து ஏழு நாள் ஆகும். மூன்றாம் நாள் காய்ச்சல் இருக்கிறது என்று மருந்தை மாற்றுவதும், மூன்று மருத்துவரைப் பார்ப்பதும் இந்தக் கணக்கு தெரியாததால்தான்.

நீர்க்கடுப்பு: இடம்தான் எல்லாம்

பெண்களுக்கு வரும் சாதாரண நீர்க்கடுப்பில், அதாவது எரிச்சல், அடிக்கடி போவது, அடிவயிற்று வலி, காய்ச்சல் இல்லை என்ற நிலையில், கடைக்காரர் கை முதலில் போவது நார்ஃப்ளாக்ஸ் அல்லது செஃபிக்ஸிம் அட்டைக்கு. இரண்டும் முதல் தேர்வாக இருக்கக் கூடாது. காரணம், நீர்க்கடுப்பைப் பெரும்பாலும் உண்டாக்கும் குடல் கிருமியான ஈ.கோலை. நம் நாட்டு ஈ.கோலையில் பெரும்பகுதி நார்ஃப்ளாக்ஸ் சேர்ந்த குவினோலோனுக்கும் செஃபிக்ஸிம் இனத்துக்கும் பழகிவிட்டது. நைட்ரோஃபுரான்டாய்னுக்கும் ஃபாஸ்ஃபோமைசினுக்கும் இன்னும் பெருமளவு அடங்குகிறது.

நைட்ரோஃபுரான்டாய்னின் விசித்திரமே அதன் பலம். ரத்தத்தில் சிகிச்சைக்குத் தேவையான அளவு நிற்காது. நேரே சிறுநீரில் போய்ச் சேரும். ஆகவே சிறுநீர்ப்பையில் அடங்கிய தொற்றுக்கு அருமையான மருந்து. ஆனால் குளிர் நடுக்கக் காய்ச்சல், இடுப்புக்கு மேல் முதுகில் வலி, வாந்தி என்று தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் அதே காரணத்தால் அது உதவாது. ஆண்களின் நீர்க்கடுப்பில் புராஸ்டேட்டும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் அங்கேயும் நம்ப முடியாது. நீண்ட நேரம் கரையும் 100 மி.கி. மாத்திரை, இரண்டு வேளை, 5 நாள், சாப்பாட்டோடு. சிறுநீர் பழுப்பாகப் போகும்; பயப்பட ஒன்றுமில்லை. சிறுநீரகம் பலவீனமாகி ரத்தத்தில் கிரியாட்டினின் கூடியவர்களுக்கு மருந்து சிறுநீரில் சேராமல் உடம்பில் தேங்கி நரம்பைக் கெடுக்கும். பிரசவ தேதி நெருங்கியவர்களுக்கும் ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி நொதி குறைபாடு உள்ளவர்களுக்கும் ஆகாது. மீண்டும் வராமல் தடுக்க மாதக்கணக்கில் சாப்பிட்டால் நுரையீரல் தடிக்கக்கூடும். வறட்டு இருமல் வந்தால் சொல்ல வேண்டும்.

ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடி. ஒரே ஒரு பொட்டலம், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, வெறும் வயிற்றில், படுக்கப் போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டு. விலை கூடுதல், வசதியும் கூடுதல். கொஞ்சம் வயிற்றுப்போக்கு வரலாம்.

கல்ச்சர் கொடுப்பதில் நடக்கும் தவறு மருந்துத் தேர்வையே கெடுத்துவிடும். முதல் மாத்திரைக்கு முன்பே எடுக்க வேண்டும். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை மட்டும் ஆய்வகம் கொடுத்த மூடி போட்ட டப்பாவில் பிடித்து, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். பண்ருட்டி வெயிலில் வண்டியின் பெட்டிக்குள் மூன்று மணி நேரம் ஊர்ந்து வந்த மாதிரியில் கிருமி பெருகி, இல்லாத தொற்று இருப்பதாகக் காட்டும். இன்னொன்று: எரிச்சலோ காய்ச்சலோ எதுவும் இல்லாத சர்க்கரை நோயாளிக்கு வேறு காரணத்துக்காக எடுத்த பரிசோதனையில் கிருமி தெரிந்தால், பெரும்பாலும் மருந்தே தேவையில்லை. கர்ப்பிணி விதிவிலக்கு.

குவினோலோன்: கை நீட்டும் முன்

நீர்க்கடுப்பு, பேதி, சளி, பல்வலி என எதற்கும் சிப்ரோ, ஆஃப்ளாக்ஸ், லீவோ எழுதும் பழக்கம் இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-ல் தசைநாண் கிழிவதைப் பற்றிக் கறுப்புக் கட்ட எச்சரிக்கை, அதாவது மருந்துத் தாளில் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை போட்டது. 2016-ல் சைனஸ், சாதாரண மூச்சுக்குழல் அழற்சி, எளிய நீர்க்கடுப்பு மூன்றுக்கும் வேறு வழி இருந்தால் இதை எடுக்காதீர்கள் என்றது. 2018-ல் சர்க்கரை திடீரென இறங்குவதையும், பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களுக்கு அது கிழியும் ஆபத்தையும் சேர்த்தது.

குதிகாலுக்கு மேலே இருக்கும் பட்டையான நரம்பு என்று நாம் சொல்வதுதான் அந்தத் தசைநாண். 60 வயதைத் தாண்டியவர், ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர் என்றால் ஆபத்து பல மடங்கு. அங்கே வலி தொடங்கினால் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தைலம் தேய்த்து நடக்கக் கூடாது. கை கால் எரிச்சல், மதமதப்பு, தூக்கமின்மை, பதற்றம், முதியவர்களுக்குக் குழப்பம் என்பவையும் இதில் வரும். கிளிமிபிரைடு அல்லது கிளிபென்கிளமைடு சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை படுபாதாளத்துக்கு இறங்கலாம். இடுப்பு வலிக்குக் கொடுக்கும் டிசானிடின் மாத்திரையோடு சிப்ரோ சேரவே கூடாது. டிசானிடின் அளவு ரத்தத்தில் பல மடங்கு ஏறி, ரத்த அழுத்தம் விழுந்து ஆளைச் சாய்த்துவிடும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு கெடுதல் உண்டு. குவினோலோன்கள் காசநோய்க் கிருமியைப் பாதி அடக்கும். இரண்டு வார இருமலுக்கு லீவோ எழுதினால், இருமல் குறையும், எடை கொஞ்சம் ஏறும், நோய் கண்டுபிடிக்கப்படாமல் தள்ளிப்போகும். சளிப் பரிசோதனை முதலில், லீவோ அதன் பிறகு.

இதற்கென்று இடமே இல்லையா? உண்டு. புராஸ்டேட் தொற்று, கல்ச்சரில் அடங்குவதாக வந்த சிறுநீரகத் தொற்று, மருந்துக்கு அடங்காத காசநோய் ஆகியவற்றில் இதன் ஊடுருவும் தன்மை ஈடு இல்லாதது. அதைப் பல்வலியில் செலவழிப்பதுதான் பிரச்சினை.

தொண்டை, சளி

மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல் இருந்தால் வைரஸ். மருந்தே வேண்டாம்; சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவதும் ஆன்டிபயாட்டிக்குக்கான அறிகுறி அல்ல. இருமல் இல்லாமல் கடும் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைச் சீழ், கழுத்தில் வலிக்கும் நெறி என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருக்கலாம். இங்கே புதுமை விரும்பிகளுக்கு ஏமாற்றம்தான்: அந்தக் கிருமி பென்சிலினுக்கு இன்றுவரை எதிர்ப்பு பெறவில்லை. சாதா அமாக்ஸிசிலின், 10 நாள். குழந்தைக்கு அதை முழுதாகக் கொடுப்பது தொண்டைக்காக மட்டுமல்ல, பின்னால் வாதக் காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுக்காமல் இருக்கவும்தான். அமாக்ஸிசிலினோடு கிளாவுலனேட் சேர்ந்த 625 மாத்திரையால் (அமாக்ஸி-கிளாவ்) இதில் கூடுதல் பயன் இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸிடம் பென்சிலினை உடைக்கும் நொதியே கிடையாது. கிளாவுலனேட் இருப்பது அந்த நொதியை மடக்கத்தான். கிடைப்பது கூடுதல் பேதி மட்டும்.

மூன்று மாத்திரை அசித்ரோ அட்டை எளிது என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். அதன் அரை ஆயுள், அதாவது உடம்பில் பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ 68 மணி. மாத்திரை முடிந்தும் நாள் கணக்கில் உடம்பில் மெலிந்த அளவில் தங்கியிருக்கும். வசதியும் அதுதான், கேடும் அதுதான்: கொல்ல முடியாத அளவு மருந்தில் பல நாள் நீந்தும் கிருமிகள் எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும். இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர், பொட்டாசியம் குறைந்தவர், வாந்திக்கு ஆன்டன்செட்ரான் சேர்த்துச் சாப்பிடுபவர் அசித்ரோவில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். துடிப்பின் மின் இடைவெளி நீண்டு ஆபத்தாகலாம் என்று 2013-லேயே எச்சரிக்கை வந்துவிட்டது. தொண்டைக்கு இதை எடுப்பது, பென்சிலின் அலர்ஜி உண்மையில் இருந்தால் மட்டும்.

பேதி

தண்ணீராகப் போகும் பேதிக்கு ஓ.ஆர்.எஸ்., குழந்தைக்குக் கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள். ஆஃப்ளாக்ஸசினும் ஆர்னிடசோலும் ஒட்டிய கூட்டு மாத்திரை இதற்குத் தேவையில்லை. பாக்டீரியாவும் அமீபாவும் ஒரே நாளில் கைகோத்து வருவது அரிது, பக்கவிளைவு இரண்டும் நிச்சயம் கைகோக்கும். ரத்தமும் காய்ச்சலும் சேர்ந்தால் மருந்து வேண்டும், பெரும்பாலும் அசித்ரோ. அரிசி கழுவிய நீர் போலக் கொட்டினால் காலராவை நினைக்க வேண்டும். 2022 ஜூலையில் காரைக்காலில் அது வந்தது. உயிரைக் காப்பது நீர்ச்சத்துதான். பெரியவர்களுக்கு ஒரே வேளை டாக்ஸி 300 மி.கி. பேதியின் அளவையும் நாளையும் குறைக்கும்.

மெட்ரோனிடசோல் சாப்பிட்டால் வாயில் இரும்புச் சுவை நிற்கும். புதுச்சேரியில் இதையும் சொல்லாமல் விட முடியாது: கடைசி மாத்திரைக்குப் பிறகு 48 மணி நேரம், அதே இனத்து டினிடசோல் என்றால் 72 மணி நேரம், சாராயம், பீர் எதுவும் வேண்டாம். முகம் சிவந்து வாந்தி எடுக்கும் ஆபத்து எத்தனை பேருக்கு என்பதில் கருத்து வேறுபாடு இருந்தாலும், சோதித்துப் பார்க்கும் இடம் இதுவல்ல.

கட்டி, காயம், மீன் முள்

சீழ் கட்டிய கட்டிக்கு முதல் மருந்து கீறி விடுவது. மருந்து என்று வந்தால் கட்டியைப் பெரும்பாலும் உண்டாக்கும் கிருமியான ஸ்டஃபைலோகாக்கஸைப் பிடிக்கும் செஃபலெக்ஸின், குளாக்ஸசிலின், அமாக்ஸி-கிளாவ் ஆகியவை. செஃபிக்ஸிம் அதை ஏறக்குறைய தொடவே தொடாது. “மூன்றாம் தலைமுறை” என்ற பட்டம் இங்கே பின்னடைவுதான். முதல் தலைமுறை செஃபலெக்ஸின் அந்த வேலையை நன்றாகச் செய்யும்.

கடலூர் பழைய நகரத் துறைமுகத்திலோ வீராம்பட்டினத்திலோ மீன் முள் குத்திய காயம் வேறு கதை. உப்பு நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் கிருமி, கல்லீரல் கெட்டவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் சில மணி நேரத்தில் கால் முழுக்கக் கொப்புளமாகப் பரவும். வெறும் அமாக்ஸி போதாது. டாக்ஸியும் செஃப்ட்ரியாக்ஸோன் வகையும் சேர்ந்த சிகிச்சை, தேவைப்பட்டால் அறுவை. காயம் கடல் நீரில் பட்டது என்ற ஒரு வரியை அவசரப் பிரிவில் சொல்வதே பாதி சிகிச்சை.

மற்ற மாத்திரைகளோடு மோதல்

பிரஷருக்கு டெல்மிசார்டன் அல்லது எனலாப்ரில் சாப்பிடுபவர் கோட்ரைமாக்ஸசோல் எடுத்தால் பொட்டாசியம் ஏறி இதயம் தடுமாறலாம். சிறுநீரகம் பலவீனமான முதியவருக்கு இது சில நாளிலேயே நடக்கும். வால்வு மாற்றி அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடுபவருக்குக் கோட்ரைமாக்ஸசோல், மெட்ரோனிடசோல் இரண்டும் ரத்தத்தை மேலும் நீர்க்கச் செய்யும், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்க்காமல் தொடங்கக் கூடாது. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவருக்குக் கோட்ரைமாக்ஸசோல் கூடவே கூடாது. கொழுப்பு மாத்திரையோடு கிளாரித்ரோமைசின் சேர்ந்தால் தசை கரையும்; அசித்ரோவில் அந்தச் சிக்கல் குறைவு. மனச்சோர்வுக்கு எஸ்சிட்டாலோபிராம் எடுப்பவருக்கு லினெசோலிட் வேண்டாம். வலிப்புக்கு வால்புரோயேட் எடுப்பவருக்கு மெரோபெனெம் போட்டால் வால்புரோயேட் அளவு சரிந்து வலிப்பு திரும்பும்.

அமிகாசின், ஜென்டாமைசின் ஊசிகள் சிறுநீரகத்தையும் உள்காதையும் குறிவைக்கும். சிறுநீரகம் பெரும்பாலும் மீளும், கேட்கும் திறன் மீளாது. காதில் இரைச்சல், நடக்கும்போது தள்ளாட்டம் என்றால் அடுத்த ஊசிக்கு முன் சொல்லிவிட வேண்டும்.

அலர்ஜி எது, அலர்ஜி இல்லாதது எது

அமாக்ஸி-கிளாவில் வயிறு இளகியது அலர்ஜி அல்ல. சாப்பாட்டின் முதல் கவளத்தோடு எடுத்தால் பெரிதும் குறையும். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு, மயக்கம் வந்தால் அது உண்மையான அலர்ஜி. 108-ஐ அழைக்க வேண்டும். நாள் கழித்து வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் உரிதல் சேர்ந்து வந்தால் அதைவிட மோசமான வகை. கோட்ரைமாக்ஸசோல் அதற்குப் பேர் போனது, அந்த மருந்தை வாழ்நாளில் மீண்டும் தொடக் கூடாது. “பென்சிலின் அலர்ஜி” என்று சீட்டில் சுமப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, முறையாகச் சோதித்தால், அலர்ஜி இருப்பதில்லை. ஆகவே எந்த மருந்து, எத்தனை மணி நேரத்தில், என்ன ஆனது என்று மூன்றையும் எழுதி வைத்தால்தான் அந்தக் குறிப்புக்குப் பயன்.

வைக்கும் விதம், முடிந்த பிறகு

கிளாவுலனேட் ஈரம் உறிஞ்சும். கடற்கரைக் காற்றில் அலுமினிய அட்டையிலிருந்து பிரித்து வாரப் பெட்டியில் போட்டால் மாத்திரை மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். சாப்பிடும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். குழந்தைகளின் அமாக்ஸி-கிளாவ் பொடி பாட்டிலில் ஆறவைத்த கொதிநீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பின் மீண்டும் கோடு வரை நிரப்பி, ஃபிரிட்ஜில் வைத்து, 7 நாளில் கொட்டிவிட வேண்டும். அடுத்த காய்ச்சலுக்கு அதை எடுத்து வைப்பதில் அர்த்தமில்லை.

மாத்திரை முடிந்ததும் கணக்கு முடிவதில்லை. அமாக்ஸி-கிளாவால் வரும் மஞ்சள் காமாலை, குறிப்பாக வயதான ஆண்களுக்கு, மருந்தை நிறுத்திச் சில வாரம் கழித்தும் வரலாம். கிளிண்டாமைசின், குவினோலோன், செஃபலோஸ்போரின் எடுத்தபின் இரண்டு மூன்று மாதம் வரை குடலில் டிஃபிசில் என்ற கிருமி தலைதூக்கி நாளுக்கு மூன்று முறைக்கு மேல் பேதியாகலாம். அதற்குப் பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை போட்டு அடக்கக் கூடாது. போன வாரம் சாப்பிட்ட “அந்த வெள்ளை மாத்திரை” என்று சொன்னால் எந்த மருத்துவராலும் இதைப் பிடிக்க முடியாது. தீர்ந்த அட்டையின் பெயர் தெரியும் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால், தேதியும் தானாகப் பதிந்துவிடும்.